பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஸ்கிரீனிங்: நான்கு இலவசப் படிவங்கள், எது எதற்கு உதவும்?

மாணவர்களின் மனநலத்தைச் சோதித்துத் தருகிறோம் என்று ஆப், டேப்லெட், வண்ண ரிப்போர்ட் சகிதம் பள்ளிகளைத் தேடி வரும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் பேசி முடிப்பதற்கு முன் தலைமையாசிரியர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதற்றத்தையும் மனச்சோர்வையும் கண்டறிய மருத்துவர்கள் பல நாடுகளில் பயன்படுத்திவரும் படிவங்களில் முக்கியமானவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஜெராக்ஸ் செலவு மட்டும்தான்.

மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9, பதற்றத்துக்கான ஸ்கேர்ட், நடத்தையையும் உணர்ச்சிகளையும் பொதுவாகப் பார்க்கும் எஸ்டிக்யூ, பதற்றம், மனச்சோர்வு இரண்டையும் அளக்கும் ஆர்சிஏடிஎஸ் என்ற நான்கு படிவங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பள்ளி கவுன்சிலர்கள், குழந்தை மருத்துவர்கள், ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு பிஎச்கியூ-9, ஸ்கேர்ட் இரண்டுமே போதும். ஆனால் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த தாளை அன்றைக்கே உட்கார்ந்து படிக்க ஆள் இல்லாத பள்ளி, இந்த நான்கில் எதையும் கையில் எடுக்கக் கூடாது.

எந்த வயதில் தொடங்கலாம் என்பதற்கு அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022 அக்டோபரில் தந்த பரிந்துரை நல்ல வழிகாட்டி. பதற்றத்துக்கு 8 முதல் 18 வயது வரை, மனச்சோர்வுக்கு 12 முதல் 18 வயது வரை ஸ்கிரீனிங் செய்யலாம் என்கிறது அது. அதற்கும் சின்ன வயதில் நன்மை தீமைகளை எடைபோடும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. இது வெளிப்படையான அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கான பரிந்துரை. பள்ளிக்குப் போகவே மறுக்கிற, கையைக் கீறிக்கொள்கிற, சாப்பாட்டை ஒதுக்குகிற பிள்ளைக்குப் படிவம் கொடுத்து நாளைக் கடத்தாமல் நேரே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இந்தியாவின் தேசிய மனநல ஆய்வு (2015–16) 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. 40 பேர் கொண்ட வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிஎச்கியூ-9: சிறியது, வேகமானது, கவனமாகக் கையாள வேண்டியது

ஸ்பிட்சர், வில்லியம்ஸ், குரோங்கே ஆகியோரின் குழு ஃபைசர் நிறுவனத்தின் நிதியில் உருவாக்கியது. நகலெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வார நிலவரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

இதில் இளையோருக்கென்று மாற்றிய வடிவம் ஒன்று உண்டு. முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள். சோர்வு, நம்பிக்கையின்மை பற்றிய கேள்வியில் அது எரிச்சலையும் சேர்த்துக்கொள்கிறது. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவதாக வெளிப்படுவது சகஜம். வீட்டில் அதைத் திமிர் என்றும் வயசுக் கோளாறு என்றும் சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். தமிழில் எளிதாகக் கிடைப்பது பெரியவர்களுக்கான வடிவம்தான் என்பதால், அதைக் கொடுத்தால் கவுன்சிலர் நேரில் பேசும்போது எரிச்சலைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இளையோர் வடிவத்தின் கடைசியில் மதிப்பெண்ணில் சேராத நான்கு கேள்விகள் இருக்கின்றன: கடந்த ஓராண்டில் பெரும்பாலான நாட்கள் சோர்வாக இருந்ததா, இதனால் படிப்பும் பழக்கமும் எவ்வளவு பாதிக்கின்றன, கடந்த ஒரு மாதத்தில் உயிரை முடித்துக்கொள்ளத் தீவிரமாக நினைத்ததுண்டா, எப்போதாவது முயன்றதுண்டா. மொத்தம் போடும் அவசரத்தில் பலர் இந்த நான்கையும் பார்க்காமல் தாளைத் திருப்பிவிடுகிறார்கள். ஒரு பிள்ளையின் ஆபத்தை மொத்த மதிப்பெண்ணைவிடத் தெளிவாகச் சொல்வது இந்த நான்கு பதில்கள்தான்.

விடைக் கட்டங்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ என்பதைப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். தொடங்குவதற்கு முன் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் போதும்: 14 நாளில் ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஓரிரு நாளிலிருந்து ஏழு நாள் வரை 1, ஏழு நாளைத் தாண்டினால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3.

இனி கட்-ஆஃப், அதாவது எந்த மதிப்பெண்ணிலிருந்து மனச்சோர்வு இருக்கலாம் என்று கருதுவது என்ற எல்லை. பெரியவர்களுக்கு 10 என்பது வழக்கம். அமெரிக்க வளரிளம் பருவத்தினரிடம் நடந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில் 11 சரியான இடமாக அமைந்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் 89.5 சதவீதம் பேரை அது பிடித்தது, இல்லாதவர்களில் 77.5 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. கொல்கத்தாவின் பள்ளி மாணவர்களிடம் செய்து 2013இல் வெளியான ஆய்விலோ 5 என்ற கட்-ஆஃப்தான் பொருந்தியது. ஒரே படிவத்துக்கு ஓர் ஊரில் 11, இன்னோர் ஊரில் 5. விற்பனைக்கு வரும் ஆப் எந்தக் கட்-ஆஃப் வைத்திருக்கிறது, யாரிடம் சோதித்து அதை முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களுக்குப் பொருள் கிடையாது.

அமெரிக்க ஆய்வின் எண்களையே வைத்து 400 மாணவர்கள் உள்ள ஒரு பள்ளிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனச்சோர்வு உள்ளவர்கள் 5 சதவீதம், அதாவது 20 பேர் என்று கொள்வோம். படிவம் அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 380 பேரில் 22.5 சதவீதம், சுமார் 85 பேர், மனச்சோர்வு இல்லாமலே கட்-ஆஃபைத் தாண்டுவார்கள். ஆக, பட்டியலில் 103 பேர், அதில் உண்மையில் மனச்சோர்வு உள்ளவர்கள் 18 பேர். ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்தான் தேறுகிறார். இதைப் படிவத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது, ஸ்கிரீனிங் என்ற வேலையின் இயல்பே இதுதான். அந்த 103 பேருக்கும் ‘உங்கள் பிள்ளைக்கு டிப்ரஷன்’ என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்பினால் பள்ளி செய்வது தீங்கு. 103 பேரிடமும் ஒருவர் தனித்தனியாக இருபது நிமிடம் பேச வேண்டும் என்று வைத்தால் 34 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரே கவுன்சிலர் உள்ள பள்ளியில் இது ஏறக்குறைய ஒரு வார முழுநேர வேலை. பள்ளி முழுவதும் ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடுபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு வாரத்துக்கு ஒரு வகுப்பு, மற்றதை அடுத்தடுத்த வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் வீணாக ஏறுவதற்குக் காரணங்கள் உண்டு. தூக்கம், பசி, சோர்வு, கவனம் பற்றிய கேள்விகளுக்குத் தேர்வு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுமே கூடுதலாகக் குறிப்பார்கள். அதனால் காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளை ஒட்டிய இரண்டு வாரங்களில் நடத்த வேண்டாம். வளரிளம் பெண்களுக்கு இரத்தசோகை பரவலாக இருக்கும் நம் ஊரில் ‘எப்போதும் அசதி’ என்ற பதிலைக் கண்டதும் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தைராய்டும் அப்படித்தான். உடல் காரணம் கிடைத்துவிட்டது என்று மனதை மறந்துவிடவும் கூடாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஒன்பதாவது கேள்வி தனிக் கவனம் கேட்கிறது. செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு என இரண்டை அது ஒரே வரியில் கேட்கிறது. அதனால் 1 போட்ட பிள்ளை எதைச் சொல்கிறது என்று தாளிலிருந்து தெரியாது, நேரில் கேட்டால்தான் தெரியும். மொத்த மதிப்பெண் 3 ஆகவே இருந்தாலும் ஒன்பதாவதில் 0 தவிர வேறு எது இருந்தாலும் அன்றே, பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன் பேசியாக வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத நினைப்பை விதைத்துவிடுவோமோ என்று அஞ்சி அதை அடித்துவிட்டுக் கொடுக்கும் பள்ளிகளுக்கு ஒரு தகவல்: நியூயார்க் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை.

ஸ்கேர்ட்: பதற்றத்துக்கு எங்கள் முதல் தேர்வு

பிட்ஸ்பர்க்கில் பிர்மாஹரும் சக ஆய்வாளர்களும் 1990களில் உருவாக்கியது. 8 முதல் 18 வயது, 41 வாக்கியங்கள், கடந்த மூன்று மாத நிலவரம், 0, 1, 2 என்று மூன்றே தெரிவுகள். பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என இரட்டைப் படிவம். மொத்தம் 25ஐத் தொட்டால் பதற்றக் கோளாறு இருக்கலாம் என்பது உருவாக்கியவர்களின் கணக்கு. 30ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது.

மொத்தத்தோடு நின்றுவிட்டால் இதன் பெரும்பயனை இழக்கிறோம். உள்ளே ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்-ஆஃப்: திடீர் பீதியும் உடல் அறிகுறிகளும் 7, பொதுவான பதற்றம் 9, பிரிவுப் பதற்றம் 5, கூட்டத்தில் கூச்சமும் பயமும் 8, பள்ளியைத் தவிர்த்தல் 3. கடைசிப் பிரிவு நான்கே வரிகள்தான். பள்ளியில் தலைவலி, பள்ளியில் வயிற்று வலி, பள்ளிக்குப் போவதை நினைத்துக் கவலை, பள்ளிக்குப் போகவே பயம். திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி என்று சொல்லி ஸ்கேன், எண்டோஸ்கோபி வரை போய், ஒன்றுமில்லை என்று திரும்பிவரும் பிள்ளைகளுக்கு இந்த நான்கு வரிகளை முதல் நாளே கேட்டிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். குழந்தை மருத்துவர்கள் தம் மேசையில் ஸ்கேர்ட் படிவத்தை வைத்திருக்க இந்த ஒரு காரணமே போதும்.

பிள்ளையின் தாளும் பெற்றோரின் தாளும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. மனதுக்குள் ஓடும் பயத்தைப் பெற்றோர் குறைவாகவே மதிப்பிடுவார்கள். பிரிவுப் பதற்றம் போல வெளியே தெரிவதை நன்றாகக் கவனித்திருப்பார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவது தவறான பழக்கம். எது அதிகமோ அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ‘அம்மா 12 போட்டிருக்கிறார், நீ ஏன் 33 போட்டாய்’ என்று பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்தால் அடுத்த முறை எல்லாவற்றுக்கும் 0 வரும்.

குறை என்றால் நீளம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருபதாவது வரிக்கு மேல் ஒரே கட்டத்தில் கோடு இழுத்துக்கொண்டே போவார்கள். உருவாக்கியவர்களே 11 வயது வரை பெரியவர் ஒருவர் அருகில் இருந்து விளக்கச் சொல்கிறார்கள். பாதியில் ஐந்து நிமிட இடைவேளை விட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். 41 வரி முடியாத இடத்தில் ஜிஏடி-7 கொடுக்கலாம். ஏழே கேள்விகள், இலவசம், தமிழிலும் உண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கு அது தாங்கும். ஆனால் பொதுவான பதற்றத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும், பள்ளி பயத்தையும் பிரிவுப் பதற்றத்தையும் கேட்காது.

எஸ்டிக்யூ: பள்ளிக்குப் பிடிக்கும், நமக்குப் போதாது

ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 வரிப் படிவம். தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. பெற்றோர், ஆசிரியர், 11 வயதுக்கு மேல் மாணவர் என மூவரும் நிரப்பலாம். நடத்தை, கவனக்குறைவு, சகவயதினருடன் உறவு எல்லாம் ஒரே தாளில் வருவதால் ஆசிரியர்கள் விரும்புகிறார்கள். ஆனால் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே ஐந்து வரிகள்தான். முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மதிப்பெண் போடுவதில் தவறு அதிகம் நடப்பது இதில்தான். 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து வரிகளுக்குத் தலைகீழாக எண் கொடுக்க வேண்டும். பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்து வரிகளை மொத்தத்தில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நல்ல பிள்ளைக்குத்தான் மதிப்பெண் ஏறும். கட்-ஆஃபும் நிரப்பியவரைப் பொறுத்து மாறும். உணர்ச்சிப் பிரிவில் பெற்றோர் தாளில் 5 வந்தால் கவலைக்குரியது, ஆசிரியர் தாளில் 6, மாணவர் தாளில் 7. இன்னொன்று, காகிதத்தில் நகலெடுக்கத்தான் இது இலவசம். அனுமதி வாங்காமல் கூகுள் படிவமாகவோ ஆப்பாகவோ மாற்றக் கூடாது, வாசகங்களையும் மாற்றக் கூடாது.

ஆர்சிஏடிஎஸ் பற்றிச் சுருக்கமாக. 47 வரிகள், 25 வரிச் சுருக்க வடிவமும் உண்டு. பதற்றத்தின் ஐந்து வகைகளும் மனச்சோர்வும் ஒன்றாகவே வரும். கூட்டிய எண்ணை வகுப்பு, பாலினம் பார்த்து டி-ஸ்கோராக (சக மாணவர்களோடு ஒப்பிட்ட மதிப்பெண்ணாக) மாற்ற வேண்டும், 65 எல்லைக்கோடு, 70 சிகிச்சைக்குரிய நிலை. அந்த அட்டவணை அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. பள்ளி ஸ்கிரீனிங்குக்கு இது கனம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளை தேறுகிறதா என்று சில வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க மருத்துவமனைக்கு மிகவும் பொருத்தமானது.

நடத்தும் விதம்

ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து நிரப்பினால் யாரும் உண்மையைக் குறிக்க மாட்டார்கள். பெஞ்சுக்கு ஒருவர். வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் கவுன்சிலரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எண்ணும் இல்லாமல் நிரப்பச் சொல்வதும் தவறு. ஒன்பதாவது கேள்விக்கு 3 போட்ட பிள்ளை யார் என்றே தெரியாமல் பள்ளி நிற்கும். ‘உன் பதிலை நான் மட்டும்தான் பார்ப்பேன், உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டாரிடம் பேசுவேன்’ என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகம்.

திங்கள் முதல் புதன் வரை, காலை இரண்டாம் பீரியடுக்குள் நடத்துங்கள். வெள்ளிக்கிழமை மதியம் நிரப்பிய தாளைத் திங்களன்று படித்தால் ஆபத்தில் இருக்கும் பிள்ளை இரண்டு நாட்கள் தனியாக விடப்பட்டிருக்கும். இரவில் வீட்டிலிருந்து நிரப்பும் ஆன்லைன் படிவங்களை நாங்கள் எதிர்ப்பதும் இதனால்தான். பெற்றோர் ஒப்புதல் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். மின்னணு முறையில் தகவல் சேகரித்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே அதைக் கேட்கிறது.

பேசும்போது பாலியல் துன்புறுத்தல் வெளியே வரலாம். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்டவர் புகார் அளித்தாக வேண்டும். பள்ளிக்குள் சமாதானம் பேச இடமே இல்லை. கவுன்சிலருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் இருக்க வேண்டும்.

கட்-ஆஃபைத் தாண்டியவர்களுக்கு அடுத்தது என்ன? பிஎச்கியூ-9இல் 5 முதல் 9 வரை வந்தவர்களிடம் ஒருமுறை பேசிவிட்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுங்கள். 10ஓ அதற்கு மேலோ வந்தவர்களை அந்த வாரத்திலேயே தனியாகச் சந்தித்து, தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் புறநோயாளிகளைப் பார்க்கும் நாள் தெரியும். அதுவரை பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) இரவும் பகலும் இயங்குகிறது. பெற்றோரை அழைக்கும்போது மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள், நோயின் பெயரையும் சொல்லாதீர்கள். ‘தூக்கம் சரியில்லை என்கிறாள், முன்பு போலச் சிரிப்பதில்லை, ஒருமுறை டாக்டரிடம் காட்டுவோம்’ என்று கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். நிரப்பிய தாளின் நகலை மூடிய உறையில் மருத்துவருக்கு அனுப்புங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 14 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய 13,000 மாணவர்களிடம் நடந்த சோதனை 2021இல் வெளியானது. எல்லோருக்கும் பிஎச்கியூ-9 கொடுத்த வகுப்புகளில், வழக்கமான முறையைவிட, மனச்சோர்வு அறிகுறியோடு அடையாளம் காணப்படும் வாய்ப்பு விகிதம் ஆறு மடங்கை நெருங்கியது. சிகிச்சை தொடங்கும் வாய்ப்பு விகிதமோ இரண்டு மடங்குதான். நடுவில் இருக்கும் இடைவெளியைப் படிவத்தால் நிரப்ப முடியாது. அதனால் ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு தேதிகளை எழுதும் பேரேடு ஒன்று வையுங்கள்: படிவம் நிரப்பிய நாள், கவுன்சிலர் பேசிய நாள், பெற்றோர் வந்த நாள், மருத்துவர் பார்த்த நாள். நான்காவது கட்டம் காலியாக இருப்பவர்களின் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்ய வேண்டும்.

ஸ்கிரீனிங் நாளன்று பள்ளிக்கு வராதவர்களின் பட்டியலையும் அதே பேரேட்டில் எழுதுங்கள். பள்ளியைக் கண்டு பயப்படும் பிள்ளையும் காலையில் எழவே முடியாத பிள்ளையும் அதில்தான் இருப்பார்கள். அடுத்த வாரமே அவர்களுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். அன்றும் வராதவர் வீட்டுக்குக் கவுன்சிலர் படிவம் இல்லாமல் நேரில் போகட்டும்.